ரீட்டாவின் பதில்

தெல்மா ஹாவொர்த் இதுவரை நான்கு முறை கொலையாகியிருக்கிறாள். ஒருமுறை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஒருமுறை தேநீரில் விஷம் வைத்தார்கள். ஒருமுறை மருமகள் தலையணையால் முகத்தை அமுக்கினாள். நான்காவது சாவு எப்படி நேர்ந்தது என்று படம் எடுத்த பிள்ளைகளுக்கே கடைசிவரை தெளிவில்லை. நான்குமே மார்ச் மாதத்தில், கல்லூரி வளாகத்துக்குள், மதியச் சாப்பாடு தாமதமாகாமல் நடந்து முடிந்தன.

எங்கள் ஊர்க் கல்லூரியில் மீடியா பாடம் எடுக்கும் பிள்ளைகள் வருஷாவருஷம் ஒரு டிவி சீரியலுக்கு டிரெய்லர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த சீரியலை யாரும் எடுக்கப்போவதில்லை. ஒன்றரை நிமிட டிரெய்லர் மட்டும்தான், அதற்குத்தான் மதிப்பெண். சீரியல் என்றால் மாமியார் வேண்டும், பப் நடத்துகிற அம்மாள் வேண்டும், பழைய ரகசியத்தோடு திரும்பி வருகிற அத்தை வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகள் தலையில் எத்தனை டப்பா பவுடரைக் கொட்டினாலும் மாமியார் ஆக முடியாது. ஆகவே எல்லாரும் கேன்டீன் கவுன்டருக்கு வந்து நிற்பார்கள். தெல்மா கையிலிருக்கும் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "இந்தத் தடவை நான் எப்படிச் சாகணும்?" என்று கேட்பாள்.

தெல்மாவின் கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். பதினாறு வயதில் செருப்புத் தொழிற்சாலைக்குப் போனாள், வீட்டுக்குள் போடும் மெத்துச் செருப்பு. இருபத்திரண்டில் லாரி ஓட்டுகிற ரானியைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள் ரானி ஹல் நகரத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனான். லாரி மட்டும் திரும்பி வந்தது. மகளைத் தனியாகவே வளர்த்து நர்ஸுக்குப் படிக்கவைத்தாள், மகள் இப்போது லீட்ஸில் இருக்கிறாள். தொழிற்சாலையை மூடியபின் இந்தக் கேன்டீனுக்கு வந்தாள், பத்தொன்பது வருஷம் ஆகிறது. ரானியைப் பற்றி யாராவது கேட்டால் சிரித்துவிட்டு, "லாரி நல்ல லாரி" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

டெரிக் என்ட்விசில் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து, தலையில் எப்போதும் ஒரு தொப்பி, கையில் எண்ணெய்க் குப்பி. எந்தக் கதவு எந்த மாதத்தில் கிரீச்சிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மனைவி ஐலீன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகளின் கூட்டம் கரைந்தபின், ஒன்று பத்துக்கு, வரிசையில் கடைசி ஆளாக வருவார்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பிரெட் புட்டிங், பாலில் ஊறவைத்த ரொட்டியில் செய்யும் இனிப்பு. பெரிய தட்டில் சுடுவார்கள். மூலைத் துண்டுதான் ருசி. இரண்டு பக்கமும் முறுகி, சர்க்கரை கருகி, பல்லில் ஒட்டும். அதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மூலை மட்டும் மூடிபோட்டு அடுப்பு ஓரத்தில் இருக்கும். அது யாருக்கென்று தெல்மா சொன்னதில்லை. கடைசியாக வருகிறவனுக்கு மூலை எப்படி மிஞ்சுகிறது என்று டெரிக்கும் கேட்டதில்லை. "கஸ்டர்ட்?" என்பாள். "கொஞ்சமா" என்பார். ஆறு வருஷமாக இதுதான் அவர்களுக்குள் பேச்சு.

இந்த வருஷம் கீலி வந்தாள். குட்டைமுடி, பெரிய பூட்ஸ், எதற்கும் அசராத பெண். பன்னிரண்டு கட்டம் போட்ட தாளை கவுன்டரில் விரித்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் குச்சிக் கை, குச்சிக் காலோடு மனிதர்கள். கரண்டி வைத்திருந்த குச்சிதான் தெல்மா என்பது புரிந்தது.

"இந்தத் தடவை நீங்க சாகல, தெல்மா."

"ஏன் கண்ணு, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"காதலிக்கறீங்க."

பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த நஸ்ரீன் மூடியைத் தரையில் போட்டாள். நஸ்ரீன் தெல்மாவோடு பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாத ரகசியம் அந்த அடுப்படியில் கிடையாது.

சீரியலுக்குப் பேர் 'ரோப்வாக் தெரு'. ரீட்டா பப் நடத்துகிறாள், வாய்பேசாத ஒரு புருஷனோடு முப்பது வருஷம் கழித்தவள். ஃபிராங்க் ரிட்டையரான பஸ் டிரைவர். கடைசிக் கட்டத்தில் இருவரும் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏழு நாப்பதுக்கு வண்டி. என்னோட வர்றியா, ரீட்டா?" என்று ஃபிராங்க் கேட்கிறான். ரீட்டா வாயைத் திறக்கிறாள். திரை கறுப்பாகிறது.

"நான் என்ன பதில் சொல்றேன்?" என்றாள் தெல்மா.

"ஒண்ணும் சொல்லல. டிரெய்லர்ல கேள்விதான் இருக்கணும். பதிலும் இருந்தா அப்புறம் எவன் சீரியலைப் பாப்பான்னு மிஸ் கேக்கறாங்க."

"சரி, எனக்கு மட்டும் சொல்லு. ரீட்டா போறாளா இல்லையா?"

கீலி தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றுமில்லை. "அதை நாங்க எழுதவே இல்லையே."

"எத்தனையோ பேரு என்னை வாயை மூடுன்னு சொல்லிருக்காங்க. திறந்து வச்சுக்கிட்டு சும்மா இருன்னு சொன்னது நீ ஒருத்திதான்" என்றாள் தெல்மா.

படப்பிடிப்பு ஒரு புதன்கிழமை காலையில். கல்லூரியின் முன்கூடத்து பெஞ்சுதான் ரயில் நிலையம். சுவரில் ஒரு கால அட்டவணையை ஒட்டி, மீன் தொட்டியைத் துணியால் மூடிவிட்டார்கள். கேமரா உமைரிடம். அவன் அதிகம் பேசமாட்டான், பேசினால் பேட்டரியைப் பற்றித்தான் பேசுவான். ஃபிராங்காக நடிக்க வேண்டியவர் அவனுடைய மாமா, டாக்சி ஓட்டுகிறவர். விமான நிலையத்துக்குச் சவாரி கிடைத்ததும் மாமா கலையைக் கைவிட்டுவிட்டார்.

டெரிக் அப்போதுதான் கீழே போய் பாய்லரை நிறுத்திவிட்டு வந்தார். வருஷாவருஷம் அதுதான் அவர் பங்கு, அதன் உறுமல் ஒலிப்பதிவில் விழக்கூடாது. கீலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டெரிக், ஏழு நாப்பது வண்டி பத்தி ஒரே ஒரு வரி சொல்லணும். சொல்வீங்களா?"

"ஏழு நாப்பதுக்கு வண்டி கிடையாதே, கண்ணு. அக்டோபர்ல நேரத்தை மாத்திட்டாங்க."

"சீரியல்ல இருக்கு."

ஆளை உட்காரவைத்துவிட்டார்கள். முதல் ஆறு தடவையும் நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோலச் சொன்னார். ஏழாவது தடவை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கேமரா இருப்பதை மறந்தவர்போல, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். தெல்மா சொல்லிக்கொடுத்தபடி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அது சொல்லிக்கொடுத்ததால் திறந்த வாய் அல்ல.

"கட்!" என்று கத்திய கீலி, "யாரும் பேசாதீங்க, இப்ப மௌனம் எடுக்கணும்" என்றாள்.

இது இந்தப் பிள்ளைகளின் தொழில் வழக்கம். வசனமெல்லாம் முடிந்தபின் அதே இடத்தில், அதே மைக்கில், ஒரு நிமிடம் ஒன்றுமில்லாததைப் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டும்போது இடையில் சத்தம் அறுந்துபோகாமல் அதை வைத்துத்தான் ஒட்டுப்போடுவார்கள். கேமரா ஓடட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளைகள் யாரும் உள்ளே வராதபடி கீலி வாசல் கதவுக்கும் உமைர் மாடிப்படிக்கும் வெளியே காவலுக்குப் போனார்கள். போவதற்குமுன் கீலி, கேமராவில் நீண்ட வயரால் செருகிய ஹெட்ஃபோனை பெஞ்சிலிருந்த டெரிக்கின் காதில் மாட்டினாள். கட்டடத்தின் சத்தம் அவரைவிட யாருக்குத் தெரியும்? எங்காவது உறுமல் விழுகிறதா என்று அவரே கேட்டுச் சொல்லட்டும்.

தெல்மாவுக்கு அடுப்பில் சமோசா இருப்பது நினைவுக்கு வந்தது. கூடத்தில் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்து, பூனைபோல நடந்து சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுப்படிக்குப் போனாள். காலருக்குக் கீழே குத்தியிருந்த மைக்கும், வயரில்லாமல் கேமராவுக்குச் சத்தத்தை அனுப்பும் இடுப்புப் பெட்டியும் அவளோடு போயின.

நஸ்ரீன் அடுப்படியை ஒட்டிய சாமான் அறை வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி வழியா பாத்தேன்டி. அந்தாளுக்குக் காது வரைக்கும் செவந்துபோச்சு. நிஜமாவே கேட்டா போவியா?"

"யாரு, டெரிக்கோடவா? வேற வேலை இல்ல எனக்கு. ஸ்டேஷன் கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டு முடிக்கறதுக்குள்ள வண்டி போயிரும். ஒருத்தனை லாரியோட அனுப்பினது பத்தாதா?"

நஸ்ரீன் சிரித்தாள். தெல்மாவும் சிரித்தாள். அடுப்பைத் திறந்து சமோசாவைத் திருப்பிப்போட்டாள், மூடினாள். பிறகு அடுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா சொன்னேன், நஸ்ரீன். கேட்டா போதும் எனக்கு. கேள்வியை முடிக்கறதுக்குள்ள கோட்டை மாட்டிருப்பேன்."

மறுநாள் வியாழன், பிரெட் புட்டிங். ஒன்று பத்து ஆயிற்று, ஒன்றேகால் ஆயிற்று, டெரிக் வரவில்லை. வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்து பாய்லர் அறையில் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. வெள்ளியும் அப்படித்தான். நடையில் எதிர்ப்பட்டால், "காலை வணக்கம், மிஸஸ் ஹாவொர்த்" என்றார். மிஸஸ் ஹாவொர்த்! பத்தொன்பது வருஷத்தில் அவள் அந்தப் பேரை அவர் வாயில் கேட்டதில்லை.

"ஒரு வரி வசனத்துக்கு இவ்வளவு திமிரா?" என்று தெல்மா பாத்திரங்களை இடித்தாள். ஆனால் அது கோபம் இல்லை. மூடிபோட்ட மூலைத் துண்டு சாயங்காலம்வரை அடுப்போரத்தில் இருந்து காய்ந்தது. அதைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய், நின்றபடியே தின்றாள். அந்த மனிதர் இல்லாத ஒன்று பத்து இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை உமைர் மைக்கைத் திரும்ப வாங்க வந்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரி சுத்தமா செத்துப்போச்சு" என்றான். "ஆன்லயே விட்டுட்டீங்க."

"விட்டா என்ன ஆகும்?"

"கேமரா ஓடினவரைக்கும் நீங்க பேசினதெல்லாம் பதிவாயிருக்கும்."

அடுத்த வியாழன் எல்லா டிரெய்லர்களையும் பெரிய ஹாலில் போட்டுக் காட்டுவார்கள். நாற்காலி போடுவது டெரிக். விளக்கை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் நின்று பார்ப்பதும் டெரிக். இருநூறு பிள்ளைகளுக்கு நடுவில் தன் குரல், கோட்டை மாட்டிருப்பேன் என்று ஒலிபெருக்கியில் கேட்பதை நினைத்ததும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏப்ரனோடேயே மாடியிலிருக்கும் எடிட்டிங் அறைக்குப் போனாள். கீலியும் உமைரும் ஒரே திரைக்கு முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிராங்க் பேச ஆரம்பிக்கும் இடத்தில் நாலு பிரேம் வெட்டுவதா, ஆறு பிரேம் வெட்டுவதா என்று சண்டை. தெல்மாவைப் பார்த்ததும் சண்டை நின்றது. இரண்டு பேர் முகமும் சிவந்தது.

"கேட்டுட்டீங்க" என்றாள் தெல்மா.

"யார்கிட்டயும் சொல்லல, சத்தியமா. டிரெய்லர்லயும் வராது" என்றாள் கீலி.

"ஆனா மௌனம் வீணாப்போச்சு. ஒட்டுப்போட ஒண்ணுமே இல்ல. திரும்ப எடுக்கணும்" என்றான் உமைர். கீலி மேசைக்கடியில் அவனை உதைத்தாள்.

"அதை அழிச்சிடு, கண்ணு. என் கண்ணு முன்னாடி அழி."

உமைர் அந்தத் துண்டைத் திறந்தான். தெல்மா சத்தம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். படமும் இருந்தது.

பெஞ்சில் டெரிக் தனியாக உட்கார்ந்திருக்கிறார், காதில் ஹெட்ஃபோன். பாய்லர் உறுமல் விழுகிறதா என்று கண்ணை மூடிக் கேட்கிறார். நஸ்ரீனின் குரல் வருகிறது: நிஜமாவே கேட்டா போவியா? டெரிக் கண்ணைத் திறக்கிறார். முதுகு நிமிர்கிறது. தெல்மா அந்த முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவு பலகையில் தன் எண்ணைத் தேடுகிற பிள்ளையின் முகம் அப்படி இருக்கும்.

யாரு, டெரிக்கோடவா? வேற வேலை இல்ல எனக்கு.

எண்ணெய், வண்டி, லாரி என்று அவள் குரல் போய்க்கொண்டே இருக்கிறது, பிறகு இரண்டு பெண்களின் சிரிப்பு. டெரிக் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றினார். அடுத்தவர் பேச்சை இவ்வளவு கேட்டதே தப்பு என்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டார். வயரைச் சிக்கில்லாமல் சுற்றி, பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்தார். அப்போதுதான் அடுப்பு மூடும் சத்தம் வந்தது. பிறகு மிச்சம் வந்தது. கேட்டா போதும் எனக்கு. ஒரு முழம் தள்ளி அந்த ஹெட்ஃபோனுக்குள் யாருக்கும் இல்லாமல் அவள் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடவா?" என்றான் உமைர். அவன் விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது.

"இரு."

தெல்மா ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "பாவி மனுஷன்" என்றாள். "மரியாதைக்காரப் பாவி." பிறகு உமைர் பக்கம் திரும்பினாள். "அந்த மௌனத்தைத் திரும்ப எப்ப எடுக்கணும்?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுத்துடலாம். ஆனா அதே மைக் வேணும், அதே துணி, அதே ஆளுங்க..."

"வர்றேன். அவரை நீ கூப்பிடு. காதுல மாட்டிவிட்டுட்டுப் போ, போன தடவை மாதிரியே. நான் சாமான் அறைக்குப் போவேன்."

"நீங்க அங்க போனா மௌனம் எப்படி..." என்று ஆரம்பித்த உமைரை கீலி மறுபடி உதைத்தாள். "அவங்க போகட்டும்டா" என்றாள்.

செவ்வாய் பதினோரு மணிக்கு டெரிக் பாய்லரை நிறுத்திவிட்டு வந்தார். வேலை என்றால் வந்துவிடுவார், அதில் குறை வைக்கமாட்டார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். தெல்மாவைப் பார்க்காமல், "காலை வணக்கம், மிஸஸ் ஹாவொர்த்" என்றார். கீலி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு வாசலுக்குப் போனாள். உமைர் படிக்கட்டுக்குப் போனான்.

சாமான் அறையில் நஸ்ரீன் மாவு மூட்டையோடு மூட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றாள், மூச்சுவிடவில்லை. தெல்மா கதவைச் சாத்தினாள். ஊரில் எவனையும் ஒரு வாக்கியத்தில் உட்காரவைக்கிற அந்த வாய் இப்போது உலர்ந்துகிடந்தது. காலரில் இருந்த மைக்கைக் குனிந்து பார்த்தாள். தீக்குச்சித் தலை அளவுதான் இருந்தது.

"டெரிக், கழட்டிடாதீங்க" என்றாள். "போன தடவை பாதியில கழட்டிட்டீங்க. நான் பாத்தேன். பாதியில கழட்டினா நான் என்ன பண்றது?"

குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"என் வாய் அப்படித்தான். அது முன்னாடி ஓடிரும், மனசு பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வரும். நஸ்ரீன் சிரிக்கட்டும்னு சொன்னது அது. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னேன், அப்ப நீங்க தொப்பியைப் போட்டுக்கிட்டு சுவரைப் பாத்துட்டிருந்தீங்க. நிஜமா கேட்டா போதும்னு சொன்னேன். கேள்வியை முடிக்கறதுக்குள்ள கோட்டை மாட்டிருப்பேன்னு சொன்னேன்." காலரைக் கொஞ்சம் வாய்க்கு அருகில் இழுத்துக்கொண்டாள். "அந்த மூலைத் துண்டு தானா மிஞ்சறதில்ல, டெரிக். ஆறு வருஷமா நான் எடுத்து வைக்கறேன். வியாழக்கிழமை அது காஞ்சுபோச்சு. அதை நானே தின்னேன், நல்லாவே இல்ல. அவ்வளவுதான். இப்ப வாயை மூடிக்கறேன், பிள்ளைங்களுக்கு மௌனம் வேணுமாம்."

மூடிக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்து பதில் வர வழியில்லை. அந்த மைக் ஒருவழிதான். அவர் கேட்டாரா, மறுபடி கழற்றி வயரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாரா, அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்து பார்க்கவும் கால் வரவில்லை. கைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

அப்புறம் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருஷமாக அந்தச் சத்தத்தின் நடை அவளுக்குத் தெரியும், அது ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. இப்போது ஓடிவந்தது.

கதவு திறந்தது. டெரிக் நின்றார். தொப்பியைக் காணோம். ஹெட்ஃபோன் இன்னும் காதிலேயே இருந்தது, பிடுங்கிக்கொண்டு வந்த வயர் தரையில் இழுபட்டது. தான் கத்துகிறோம் என்பதே தெரியாமல், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"ஏழு நாப்பதுக்கு வண்டி இல்ல, தெல்மா. அதை மாத்திட்டாங்க. சாயங்காலம் எட்டு அஞ்சுக்குத்தான் இருக்கு. பிரெஸ்டன் வரைக்கும் போகும். நீங்க என்னோட..."

அவர் கேள்வியை முடிக்கவில்லை. தெல்மா ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்திருந்தாள். அப்போது காலை மணி பதினொன்று பத்து, அடுப்பில் நாலு தட்டு புட்டிங் வெந்துகொண்டிருந்தது.